பெட்டிக்குள் ஒட்டிய சீட்டு

மார்ச் 2: 4 மணி நேரம்.
மார்ச் 9: 5 மணி நேரம்.
மார்ச் 16: 7 மணி நேரம்.
மார்ச் 23: 9 மணி நேரம், சாப்பாடு உட்பட.

தம் பதினான்கு வயது மகள் சகலை வீட்டில் கழித்த சனிக்கிழமைகளைக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைக்காரர் இப்படித்தான் கடை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வந்தார். சகலைக்குத் தபால் நிலையத்தில் வேலை. பிள்ளை இல்லை. மகளை அவர் 'கேப்டன்' என்று கூப்பிடுவார். அதைக் கேட்கும்போதெல்லாம் கடைக்காரருக்கு வயிறு எரியும். வீட்டில் எதைக் கேட்டாலும் 'ம்' என்று நிறுத்திக்கொள்பவள், அங்கே போனால் கார் பந்தயம் ஆடிக்கொண்டு ஊர்க்கதையெல்லாம் பேசுகிறாளாம். மனைவி வந்து சொன்னாள்.

அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் மகளையே கேட்டுவிட்டார்.

"சித்தப்பா தோத்துப்போவாருப்பா" என்றாள்.

மார்ச் 26 அன்று சகலை தம் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"அண்ணா, கேப்டனுக்குப் பிறந்தநாள் வருது. தலையில மாட்டிக்கிட்டு விளையாடற வி.ஆர். கண்ணாடி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். இந்தக் கிழவன் தாங்குவானா?" என்று பெட்டியைத் தட்டிக் கேட்டார்.

கிழவன் என்றது பிராசஸரை. வயது பத்து. வி.ஆர். அட்டைப்பெட்டிகளில் தேவை என்று போட்டிருக்கும் பிராசஸர் அதைவிட இரண்டு தலைமுறை புதியது. தாங்கக் கூடாது என்று கடைக்காரர் மனதார விரும்பினார். இனி சனிக்கிழமையோடு ஞாயிறும் போய்விடும்!

மனம் எதை விரும்பினாலும் கைக்கு அரைகுறை வேலை வராது. தூசி தட்டினார். பிராசஸர் மேல் காய்ந்து கிடந்த, சூடு தணிக்கும் பசையைச் சுரண்டிப் புதிது தடவினார். வார் அறுந்து பழுதுக்கு வந்திருந்த வேறொருவரின் வி.ஆரை, அவரிடம் போனில் கேட்டுக்கொண்டு, மாட்டி நாற்பது நிமிடம் ஓட்டிப் பார்த்தார். மூன்று விளையாட்டுகளில் வி.ஆருக்கு வேண்டிய நொடிக்குத் தொண்ணூறு படம், ஒன்றுகூடக் குறையவில்லை. கார் பந்தயத்தில் மட்டும் எண்பத்திரண்டு வரை இறங்கி ஏறியது. சூடு எழுபத்தோரு டிகிரி. கிழவன் அசரவே இல்லை.

சோதித்த பெட்டியின் பக்க மூடிக்குள், அடுத்த முறை உதவும் என்று, தேதியும் அளவுகளும் எழுதிய சீட்டு ஒட்டுவது அவருடைய இருபத்திரண்டு வருடப் பழக்கம். அன்றும் கை தானாக எழுதியது, ஒட்டியது, திருகாணியை முடுக்கியது.

மாலை சகலை வந்தபோது வாய் வேறு சொன்னது.

"தாங்காது சகலை. படம் விட்டுவிட்டு வரும். பாப்பாவுக்குத் தலை சுத்தும், வாந்தி வரும்."

சகலையின் முகம் சுண்டிப்போனது. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ணா."

பிறந்தநாளுக்குக் கைக்கடிகாரம் வந்தது; கம்ப்யூட்டர் வி.ஆரைத் தாங்காதாம் என்று மகளிடம் சொல்லிவிட்டுத்தான் சகலை அதைக் கொடுத்தார். ஏப்ரல் கடைசியில் சகலைக்கு வெளியூர் மாற்றலும் வந்தது. மே முழுவதும் நோட்டில் சனிக்கிழமைகளுக்கு நேரே சுழி. கேட்டது கிடைத்துவிட்டது என்று கடைக்காரர் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதே பந்தயத்தை ஏற்றி மகளைக் கூப்பிட்டார். மூன்று ஆட்டமும் தோற்றார்.

"வேணும்னே தோக்கறீங்கப்பா" என்று எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

சகலை தபால்காரர் புத்தி மாறாமல் கடிதம்தான் எழுதுவார். முதல் இரண்டிலும் கேப்டனுக்கென்று அடியில் நான்கு வரி இருந்தது. மூன்றாவதை வாசலில் வாங்கி வந்தவள் மகள்தான். கடைக்காரர் பிரித்தபோது, ஓரம் கிழிந்த சீட்டு ஒன்று உள்ளிருந்து விழுந்தது. புது வீட்டில் தூசி தட்டச் சகலை கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்திருக்கிறார். கடிதத்தில் இவ்வளவுதான்:

"அண்ணா, பாப்பாவைக் கூப்பிடாதேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் கூப்பிட்டிருக்கவே மாட்டேன்."

"எனக்கு ஒண்ணும் எழுதலையாப்பா?" என்றாள் மகள்.

கடைக்காரர் சீட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். தேதி, படம், சூடு என்று ஒவ்வொன்றாக அவள் படித்தாள். கடைசி வரியைப் படிக்கும்போது மட்டும் வாய்விட்டே படித்தாள்.

"தாராளமாகத் தாங்கும்."

அவள் நிமிர்ந்து பார்த்தபோது அவர் நோட்டைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அங்கிருந்து கடிதம் வரவில்லை. கடைசிப் பக்கத்தில், சுழிகளுக்குக் கீழே, மணிக்கணக்கு ஏதும் இல்லாமல் அந்தக் கடிதம் வந்த தேதி மட்டும் இருக்கிறது: ஜூன் 15, சனிக்கிழமை.