சிலையின் சுண்டுவிரல்

மெட்ரோ வேலைக்காக, மயிலாப்பூரில் நின்ற எழுத்தாளர் சிலையைப் பெயர்த்து லாரியில் கிடத்தியிருந்தார்கள். பேனா பிடித்த கையில் சுண்டுவிரல் மட்டும் கோணியிருந்தது.

அது என் நைனாவின் விரல். சாந்தோம் கடற்கரையில் வலைக்கயிறு இழுத்து இழுத்துக் கோணிப்போனது. சிலையின் கைக்கு மாதிரியாகச் சிற்பி அவரைத்தான் உட்காரவைத்தார். களிமண் வாடையடித்த அந்தக் கொட்டகையில் நானும் இருந்தேன்.

“கைநாட்டு வெக்கிறவன் கைல பேனாவக் குடுத்துக்கீறீங்களே சார், இன்னா கூத்து இது?” என்று நைனா சிரித்தார்.

சிலை திறந்தபின், அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவார். எழுத்தாளரையா, தன் கையையா? எனக்கு இன்றுவரை புரியவில்லை.

“யாரு சார் இவுரு?” என்று லாரிக்காரர் கேட்டார். கேட்டபடியே சிலையின் கையில் கயிற்றைச் சுற்றினார்.

“அந்த விரல்ல கயித்தக் கட்டாதப்பா,” என்றேன். “ஏற்கெனவே கயிறு பட்ட விரலு.”