எழுபத்திரண்டு கட்டங்கள்

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது எனக்குப் பத்து வயது. சொன்ன இரண்டு வருடம் முடிந்தும் அவர் திரும்பவில்லை. வெள்ளிக்கிழமைகளில் போன் வரும்போதெல்லாம் "எப்பம்மா வருவீங்க?" என்று கேட்டு அவர் உயிரை வாங்கினேன். ஒருநாள் என்னிடமிருந்து தப்பிக்க நினைத்தோ என்னவோ, "மாமா விட்டுட்டுப் போன கிட்டார் சும்மாதானே கெடக்கு? அதுல எந்தச் சுரம் எங்க இருக்குன்னு முழுசா படிச்சிரு, வந்துர்றேன்" என்றார்.

நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆறு கம்பி, கம்பிக்குப் பன்னிரண்டு கட்டம், ஆக எழுபத்திரண்டு இடம். கம்பிகளின் பெயர்கள் ஈ, ஏ, டி என்று மாமாவின் பழைய கொப்பியில் எழுதியிருந்தன. மற்றதை நானே ஊகித்து, ஏ முதல் ஜீ வரை எழுத்துக்கு எழுத்து ஒரு கட்டம் இடைவெளி விட்டு, கடதாசித் துண்டுகளில் எழுதி ஒட்டினேன். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். சிரட்டையின் அடியில் மிஞ்சிய பால்தான் எனக்குப் பசை. மூன்று மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்க வந்துவிட்டது. டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு அம்மா வருகிறார் என்று எங்கள் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டு, அவருடைய போர்வையையும் துவைத்துப் போட்டேன்.

நத்தாருக்கு முந்திய வாரம் மாமா கொழும்பிலிருந்து வந்தார். கிட்டாரைப் பார்த்துச் சிரித்தார்.

"அடேய், ஈக்கும் எஃப்புக்கும் நடுவுல கட்டம் விடக்கூடாது. பீக்கும் சீக்கும் நடுவுலயும் அப்படித்தான். எல்லாமே பிழை."

அன்று அழுத அழுகையை நான் பிறகு எதற்கும் அழுததில்லை. போனில் அம்மாவிடம் சொன்னேன். அவர் குரலில் பாரம் இறங்கியது போலிருந்தது. "ஹரி, அழாத. மொதல்லருந்து மெதுவா படி. அவசரமே இல்ல."

நத்தாரன்று மாதா கோவிலுக்குப் போகாமல், காய்ந்த ரப்பர் பாலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். அம்மா வராமல் போனதற்கு நான்தான் காரணம் என்று நம்பினேன். அப்பாவும் மாமாவும் அதை மறுக்கவில்லை. அம்மாவின் பாஸ்போர்ட்டைக் குவைத் வீட்டுக்காரர்கள் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தது அப்பாவுக்கும் மாமாவுக்கும் தெரியும்; எனக்குச் சொல்லவில்லை.

அடுத்த வருடம் எழுபத்திரண்டையும் பிழையில்லாமல் ஒப்பித்தேன். அம்மா கேட்டுவிட்டு, "பன்னெண்டுக்கு அப்பாலயும் கட்டம் இருக்குல்ல, அதையும் படிச்சிரு" என்றார். அங்கே அதே சுரங்கள்தான் திரும்ப வரும். இதுகூட அம்மாவுக்குத் தெரியவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது.