வெளுக்காத ஒரு பல்

ஊரில் இருக்கிற பல்லையெல்லாம் வெளுத்துக் கொடுத்த மனுஷன், தன் பல்லை வெளுக்கப் போய் மாட்டிக்கொண்டதை என்னவென்று சொல்ல! போட்டோ ஸ்டுடியோவின் பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கல்யாண ஆல்பத்திலிருந்து பாஸ்போர்ட் படம் வரை எல்லார் முகத்தையும் திருத்துகிறவர் அவர். தெருவுக்கே அவர் 'டச்சப்'தான். மாப்பிள்ளையின் பருவை எடுப்பார், பெண்ணின் கருவளையத்தை எடுப்பார், மாமனாரின் சிகரெட் கறைப் பல்லைப் பால் பல்லாக்கிவிடுவார். கை தவறிப்போனால் ஒரு பொத்தானைத் தட்டுவார், எல்லாம் பழையபடி வந்துவிடும். அந்தப் பொத்தானை நம்பியே காலத்தை ஓட்டியவர்.

அவருடைய சொந்தப் பல்லோ டீயில் ஊறிப் பழுப்பேறிக் கிடந்தது. அதனால் எந்தப் படத்திலும் அவர் உதடு பிரிந்ததில்லை. மகளைத் தூக்கி வைத்திருக்கிற படத்தில்கூட, யாரோ மிரட்டி நிற்க வைத்ததைப் போல வாயை இறுக்கிக்கொண்டு நிற்பார்.

அந்த மகளுக்குத்தான் இப்போது வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை விமானம். போனால் இரண்டு வருஷத்துக்கு லீவு கிடையாது.

"அப்பா, எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீ பல்லு தெரிய சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோ. என் ரூம்ல மாட்டி வெச்சுக்கணும்."

"இந்த மூஞ்சியையா? பயந்துடுவே."

"பயந்தா பயந்துட்டுப் போறேன். உம்முனு இருக்கிற அப்பாவை அங்க போயும் பாக்க முடியாது."

சும்மா சிரித்து ஒரு படம் எடுத்துக் கொடுத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். இவருக்குத்தான் எதையும் திருத்தாமல் விட்டால் தூக்கம் வராதே. மறுநாளே யாருக்கும் தெரியாமல் மருந்துக் கடைக்குப் போய், பல்லை வெளுக்கும் ஸ்ட்ரிப் ஒரு டப்பா வாங்கினார். மெல்லிசாகக் கண்ணாடிக் காகிதம் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் மருந்து தடவியிருக்கும், பல்லின்மேல் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கடைக்காரப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். "பல்லு ஈரமில்லாம துடைச்சிட்டு ஒட்டுங்க சார். ஈறுல படக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு தடவை, அரை மணி நேரம், அதுக்கு மேல வேணாம். ரொம்பக் கூசுனா நிறுத்திடுங்க. கேப் போட்ட பல்லு, அடைச்ச பல்லு ஏதாவது இருக்கா? இருந்தா முதல்ல டாக்டர்கிட்ட காட்டிடுங்க. அதெல்லாம் வெளுக்காது."

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் ஒரிஜினல்" என்று மார்தட்டாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தார்.

முதல் நாள் ஒழுங்காகத்தான் செய்தார். கண்ணாடியில் பார்த்தால் ஒரு பொடி வெளுப்பு. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. கம்ப்யூட்டரில் வெளுப்பு போதாவிட்டால் என்ன செய்வார்? இன்னும் கொஞ்சம் கூட்டுவார். இங்கேயும் கூட்டினார். அரை மணி ஒரு மணியானது, ஒரு வேளை இரண்டு வேளையானது. முகக்கவசத்துக்குள் ஸ்ட்ரிப்போடு வேலைக்கும் போய் உட்கார்ந்தார்.

"அண்ணே, இந்த அம்மாவுக்குப் பல்லு கொஞ்சம் பளிச்சுனு வேணுமாம்" என்று முதலாளி வந்து நின்றால், "ம்ம்" என்பார். "எப்ப முடியும்?" என்றால் அதற்கும் "ம்ம்".

"என்னண்ணே, மௌன விரதமா?"

"ம்ம்."

வெள்ளிக்கிழமை காலையில் டீயை ஒரு வாய் உறிஞ்சியவர் அப்படியே துள்ளி எழுந்தார். பல்லுக்குள் ஊசியை ஏற்றின மாதிரி சுரீர் என்றது. ஓடிப்போய்க் கண்ணாடியில் பார்த்தார். ஈறு ஓரமெல்லாம் வெளிறிப்போய் எரிந்தது. பல் வெளுத்திருந்தது, அதில் குறையில்லை. ஆனால் நட்ட நடுவில், முன்பல் ஒன்று மட்டும் பழைய டீ நிறத்திலேயே நின்றது. மற்றதெல்லாம் பழுப்பாக இருந்தவரை கூட்டத்தோடு கூட்டமாக இருந்த பல், இப்போது பத்தடி தள்ளி நின்றாலும் தெரிகிற மாதிரி தனித்து நின்றது.

அப்போதாவது நிறுத்தினாரா? படத்தில் ஓர் இடம் மட்டும் அடங்காவிட்டால், அதை மட்டும் தனியாக வெட்டிப் பிடித்துத் திருத்துவது அவர் தொழில் பழக்கம். ஸ்ட்ரிப்பைக் கத்தரிக்கோலால் அந்த ஒரு பல் அளவுக்கு வெட்டி, குளியலறையில் நின்று ஒட்டினார். எடுத்துப் பார்த்தார். இன்னொன்று வெட்டி ஒட்டினார். அது அசைந்து கொடுக்கவில்லை. ஓரத்தில் வழிந்த மருந்து ஈறைப் பதம் பார்த்ததுதான் மிச்சம்.

"ஏங்க, உள்ள போயி எவ்ளோ நேரமாச்சு? செத்துகித்துத் தொலைச்சீங்களா?" என்று கதவைத் தட்டிய மனைவி, வெளியே வந்தவரின் வாயைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இந்த ஒண்ணு மட்டும் வெளுக்க மாட்டேங்குதுடி."

"எப்படி வெளுக்கும்? அது உங்க பல்லே இல்லையே! பாப்பா நிக்கப் பழகும்போது குனிஞ்சு தூக்கப் போனீங்களே, அவ எம்பி மண்டையால ஒரே இடி இடிச்சாளே, பாதிப் பல்லு தெறிச்சு விழலை? கேப் போட்டுட்டு வந்தது மறந்துபோச்சா?"

அவர் திருதிருவென்று விழித்தார். சத்தியமாக மறந்துதான் போயிருந்தது. மகள் வயசளவு காலமாக வாயில் இருப்பதை வேற்றுப்பல் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? அன்றைக்கு ரத்தம் கொட்டக் கொட்ட, குழந்தைக்குத் தலை வலிக்குமே என்று அதன் மண்டையைத் தேய்த்துவிட்டது மட்டும்தான் அவருக்கு ஞாபகம் வந்தது.

அன்று மத்தியானமே பல் டாக்டரம்மாவிடம் ஓடினார்.

"உங்க கேப் பீங்கான்ல செஞ்சது. அதை இந்த மருந்து என்ன செய்யும் சார்? ஒண்ணும் செய்யாது" என்றார் டாக்டர். "ஸ்ட்ரிப்பை இன்னையோட நிறுத்துங்க. கூச்சத்துக்கு ஒரு பேஸ்ட் தர்றேன். ஈறு தானா ஆறிடும், கூச்சமும் சில நாள்ல போயிடும். கேப்பை மாத்தணும்னா ரெண்டு வாரம் பொறுக்கணும். மத்த பல்லு நிறம் ஒரு நிலைக்கு வரட்டும், அப்பத்தான் பொருத்தம் பாக்க முடியும்."

"ஞாயித்துக்கிழமை பொண்ணு ஊருக்குப் போறா டாக்டர்."

"அது பல்லுக்குத் தெரியாதே சார்."

"சரி, மத்ததைப் பழையபடி மஞ்சளாவாவது ஆக்கிட முடியுமா? உடனே?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். இப்படி ஒரு கேள்வியை அவர் அதுவரை கேட்டிருக்க மாட்டார். முடியாது என்று தலையாட்டினார். கையைப் பிசைந்துகொண்டு, அழாக்குறையாக வெளியே வந்தார் நம் ஆள். இந்த உலகத்தில் தட்டுவதற்கு அவருக்கு ஒரு பொத்தான் இல்லை.

சனிக்கிழமை ஸ்டுடியோவில் விளக்கெல்லாம் போட்டு, அப்பாவையும் மகளையும் ஸ்டூலில் உட்கார வைத்தார் முதலாளி. மகள் அவர் தாடையைப் பிடித்துத் திருப்பி, "எங்க, ஈ சொல்லு" என்றாள். சொன்னார். அவள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்தி, அந்தப் பல்லை விரலால் தொட்டாள்.

"இது நான் உடைச்சதுதானே? அம்மா சொன்னா."

"கவலைப்படாதேடா. நான் கம்ப்யூட்டர்ல வெச்சு ஒரு நொடியில சரி பண்ணிடறேன்."

"அதுல கை வெச்சே, உன்கூடப் பேசவே மாட்டேன்."

"ரெடியாண்ணே? சிரிங்க" என்றார் முதலாளி. சிரித்தார். ஏசிக் காற்று பல்லில் பட்டதும் சுரீர் என்றது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"சிரிக்கச் சொன்னா அழுவுறீங்களே!"

"பல்லுய்யா, பல்லு கூசுது."

துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார், மறுபடியும் வந்தது. எத்தனை எடுத்தாலும் அதே கதைதான். கடைசியில் மகள் முதலாளியைப் பார்த்து, "போதும்ணா, இதுவே இருக்கட்டும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பெட்டியில் துணிகளுக்கு நடுவே அந்தப் படத்தை வைத்து எடுத்துக்கொண்டு போனாள். விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவு வரைதான் இவர்களை விட்டார்கள். அங்கே நின்றும் அவர் கண்ணைத் துடைத்தபடி "பல்லு, பல்லு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா சொன்னது சொன்னபடி நடந்தது. ஈறு ஆறியது. கொஞ்ச நாளில் கூச்சமும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. ஒரு சாயங்காலம் அவர் ஐஸ் தண்ணீரை மடக்கு மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தபோது செல்போனில் மகளின் முகம் வந்தது. பின்னால் சுவரில் படம் தொங்கியது. அதில் மஞ்சள் பல் தெரிய, கண்ணில் தண்ணீர் நிற்க, அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சாப்ட்டியாப்பா?"

"ம்ம்." இப்போது வாயில் ஸ்ட்ரிப் ஒன்றும் இல்லை. ஆனாலும் பேச்சு வரவில்லை, கண்தான் நிறைந்துகொண்டு வந்தது.

"என்னப்பா, இன்னுமா பல்லு கூசுது?"

"ஆமாம்டா. இன்னும் போகலை."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, ஐஸ் மிதந்த தம்ளரை, செல்போனில் தெரியாதபடி மெதுவாக நகர்த்தி வைத்தாள்.