டிரையர் ரூம் பலகை

கோத்தகிரிக்குக் கீழே ஒரு சின்னத் தேயிலை ஃபேக்டரியில் நான் பில் போடுகிற கிளார்க். என் எதிர் மேஜையில் கம்ப்யூட்டரும் ரஞ்சனியும். சிலோனிலிருந்து வந்த தோட்டக் குடும்பத்துப் பெண். எங்கள் ஃபேக்டரியில் புரோகிராமர் இருக்கிறாள் என்று முதலாளி ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார். சம்பளம் கூட்டிக்கொடு என்றால் மட்டும் காது கேட்காது.

காலையில் முதல் பஸ்ஸில் வருவாள். குளிரில் விரல் விறைத்திருக்கும். நேரே டிரையர் ரூமுக்குப் போய், இலை காய்கிற அனலில் கையைக் காட்டிவிட்டுத்தான் கீபோர்டைத் தொடுவாள். அவள் புரோகிராம் எழுதுகிற ஃபாக்ஸ்புரோவின் நீலத் திரை வந்துவிட்டால் முகம் தெளிந்துவிடும். மௌஸைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

"விண்டோஸ் எல்லாம் படம் காட்டுதுங்க. இது சொன்னதச் செய்யுது" என்பாள்.

நார்ட்டன் கமாண்டர் என்று ஒன்று வைத்திருந்தாள். திரையில் இடப்பக்கம் ஒரு கட்டம், வலப்பக்கம் ஒரு கட்டம். ஒரு பட்டனைத் தட்டினால் இங்கிருப்பது அங்கே நகலாகும். தினமும் வேலை முடிந்ததும் புரோகிராமை ஃபிளாப்பியில் ஏற்றி, இரண்டு கட்டமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பாள். பஸ் போய்விடும் என்று கத்தினாலும் எழுந்திருக்க மாட்டாள்.

அவள் எழுதியது இலை எடை புரோகிராம். மழையில் நனைந்த இலைக்குத் தண்ணீர் எடை எவ்வளவு கழிப்பது என்பதில்தான் விவசாயிகளோடு எனக்குத் தினமும் சண்டை. நான் குத்துமதிப்பாகக் கழிப்பேன். அவர்கள் என் வம்சத்தையே இழுப்பார்கள். ரஞ்சனி மூன்று நான்கு மழைக்காலம் எடை மேடையில் நின்றாள். சாரல், அடைமழை, வெறும் பனி என்று ஒவ்வொன்றுக்கும் இலையை உலர்த்தி, திரும்ப எடை போட்டு, எல்லாவற்றையும் புரோகிராமில் சேர்த்தாள். சண்டை நின்றது. யாருக்கும் அதிசயமாகத் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வயிற்றெரிச்சல்.

எங்கள் ஊர் ஈரத்தில் எதை வைத்தாலும் பூசணம் பிடிக்கும். ஃபிளாப்பியும் தப்பாது. அவள் வீட்டிலோ மழைக்காலத்தில் சுவரே அழும். டிரையரைப் பார்த்துக்கொள்ளும் ஆறுக்குட்டிதான் வழி சொன்னார்.

"எதுக்கு கண்ணு ஊட்டுக்கும் இங்கியும் தூக்கீட்டுத் திரியற? டிரையருக்கு மேல பலகையில வெச்சுரு. எங்க சம்சாரம் போடற ஊறுகாய் மொளகாகூட அங்கதான் காயும்."

எட்டக்கூடிய பலகையில் சூடு அதிகம் என்று, கொஞ்சம் தள்ளி இளஞ்சூடான பலகையில் பிஸ்கட் டப்பாவில் வைத்தாள். எல்லா ஃபிளாப்பியும் அங்கேதான். இந்த மலையில் அதைவிடக் காய்ந்த இடம் கிடையாது.

பிறகு தேயிலை விலை விழுந்தது. நாளைக்கு ஏறும், தீபாவளிக்கு ஏறும் என்றார்கள். ஏறவில்லை. பறிக்கிற கூலிக்கே கட்டாமல் விவசாயிகள் செடியை அப்படியே விட்டார்கள். ரஞ்சனி கோயமுத்தூரில் எடை மெஷினுக்குப் புரோகிராம் செய்யும் கம்பெனி ஒன்றுக்கு எழுதிப் போட்டாள். ஒரு சனிக்கிழமை போன் வந்தது. புரோகிராமைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டினால் வேலை, பொங்கல்வரை பார்ப்போம், அப்புறம் வேறு ஆளை எடுத்துக்கொள்வோம் என்றார்கள். அன்று அவள் சிரித்த சிரிப்பை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. திங்கட்கிழமை நகல் எடுத்துக்கொள்வதாக இருந்தாள்.

திங்கட்கிழமை கேட்டில் கடனுக்காகப் பேங்க் வைத்த சீல். முதலாளியைக் காணோம். என் டிபன் டப்பாகூட உள்ளே.

ரஞ்சனி பேங்குக்கு நடையாய் நடந்தாள். உள்ளே இருக்கும் துரும்பைக்கூடத் தொடக் கூடாது என்றார்கள். ஊரில் கம்ப்யூட்டர் சென்டரில் வாடகைக்கு உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தாள். "எலும்புதாங்க வருது, மழைக் கணக்கு ஒண்ணும் வரல" என்றாள். வெளியே ஐப்பசி மழை அடித்து ஊற்றியது. உள்ளே டிரையரின் அடுப்பு அணைந்து கிடந்தது.

மார்கழியில் மெஷின்களை ஏலம் விடத் திறந்தார்கள். கம்ப்யூட்டரில் உயிரே வரவில்லை. டிரையர் ரூம் ஐஸ் மாதிரி இருந்தது. ஆறுக்குட்டி டப்பாவை எடுத்துத் திறந்தார். மாவு தூவியது போல் வெள்ளையாகப் பூசணம்.

"நாந்தான கண்ணு அங்க வெக்கச் சொன்னேன்" என்று உட்கார்ந்துவிட்டார்.

"அடுப்பு அணையும்னு யாருக்குங்கண்ணே தெரியும்?" என்றாள்.

ஒவ்வொன்றாகத் துடைத்து, சென்டரில் போட்டுப் பார்த்தோம். ஒன்றே ஒன்று திறந்தது. அதில் இருந்தது நார்ட்டன் கமாண்டர் மட்டும். இரண்டு கட்டமும் பளிச்சென்று வந்து நின்றன. நகலெடுக்கத்தான் ஒன்றும் இல்லை. அவள் ஃபிளாப்பியை எடுத்துத் திரும்ப டப்பாவில் வைத்தாள்.

ஆனாலும் கோயமுத்தூர் போனாள். நானும் கூடப் போனேன். நடந்ததைச் சொன்னாள். மேனேஜர் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஏனுங்க, ஃபிளாப்பியக் கொண்டுபோயி அடுப்புக்கிட்டவா வெப்பாங்க? அத மொதல்ல படிச்சிட்டு வரலீங்களா?"

ஸ்வெட்டருக்குள் வேர்த்து நின்றவள் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

இப்போது திருப்பூரில் பனியன் மடிக்கிறாள். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். தகரக் கூரை அறை, அனல் அடித்தது. ஜன்னலில் அந்தப் பிஸ்கட் டப்பா.

"இங்க எங்க வெச்சாலும் பூசணமே புடிக்கறதில்லீங்க" என்றாள்.