முட்டைக்குப் பத்தியம்

என் மனைவிக்குப் பதினைந்து வருடமாக இனிப்பு நீர் வியாதி. கடைசியில் அது கிட்னியில் போய் நின்றது. அப்போது நான் குளுவாங் பக்கம் செம்பனைப் பழ லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு முடியாமல் போனதும் லோரியை விட்டேன். சமையல் என் கைக்கு வந்தது. அதற்கு முன் எனக்குத் தேநீர் மட்டும்தான் போடத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கென்றே தனியாக ஒருவர் இருக்கிறார். மருந்து பாதி, சாப்பாடு பாதி என்றார். தாளில் படம் போட்டுக் கொடுத்தார். உப்பு, கருவாடு, இளநீர், வாழைப்பழம் எல்லாவற்றின் மேலும் சிவப்புக் கோடு. கோழி, மீன், முட்டை கொஞ்சம்தான். கெட்டுப்போன கிட்னிக்கு அதெல்லாம் சுமையாம். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று எனக்குப் பிடிபடவில்லை. எதற்கு வம்பு என்று முட்டையை அடியோடு நிறுத்தினேன். தாளை ஐஸ் பெட்டிக் கதவில் ஒட்டினேன்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஆனால் சொன்னதைச் செய்வேன். கீரையை நறுக்கித் தண்ணீரில் ஊறப் போடுவேன். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேக வைத்து, வெந்த தண்ணீரையும் கொட்டுவேன். அதற்குப் பிறகு அது கீரையே இல்லை. அவள் ஒரு வாய் வைத்துவிட்டுக் கேட்பாள்.

"லோரி கழுவுன தண்ணியிலயா வேக வச்சீங்க?"

கேட்டுவிட்டுச் சாப்பிடுவாள். முட்டைதான் அவளுக்கு ஏக்கம். தையல் ஃபேக்டரிக்குப் போன காலத்தில் தினமும் காலையில் அரைவேக்காட்டில் இரண்டு முட்டை. மேலே மிளகுத்தூள், கொஞ்சம் கீச்சாப், அந்தக் கறுப்புச் சோயா சாறு. அது இல்லாமல் பஸ் ஏற மாட்டாள்.

ஒன்றரை வருடம் தாங்கியது. பிறகு ரத்தம் கழுவ வேண்டியதாகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். முதல் வாரமே சாப்பாட்டு ஆள் என்னைக் கூப்பிட்டார். இந்த முறை வேறு ஆள், சின்ன வயது மலாய்க்காரப் பெண். என் மனைவி உள்ளே மெஷினில் கிடந்தாள். அந்தப் பெண் வேகமாகப் பேசினார். அதில் எனக்குத் தெளிவாகக் கேட்டது ஒன்றுதான்.

"தெலோர் ஜாங்கான் பந்தாங், பாக்சிக்."

பாக்சிக் என்றது என்னை, பெரியவரே என்று. தெலோர் என்றால் முட்டை. ஜாங்கான் என்றால் வேண்டாம். பந்தாங் என்றால் நம் பத்தியம். லோரிக்காரன் மலாய் துண்டு துண்டாகத்தான் இருக்கும். துண்டு துண்டாகவே கேட்டேன். முட்டை வேண்டாம், பத்தியம். பழைய தாளும் அப்படித்தானே சொன்னது. புரிந்தது என்று தலையாட்டினேன். புதுத் தாளில் படம் இல்லை, எழுத்து மட்டும். மடித்து மாத்திரைப் பையில் வைத்துவிட்டேன்.

முன்பைவிடக் கண்டிப்பாக இருந்தேன். கோழியையும் குறைத்தேன். ரத்தம் கழுவிய நாளில் அவளுக்குப் பசி எடுக்கும். முட்டை கேட்பாள். தரமாட்டேன். மூன்றாவது மாதம் குப்பைத் தொட்டியில் முட்டை ஓடு கிடந்தது. பக்கத்து வீட்டுச் சீனப் பெண் கொடுத்திருக்கிறாள். இவள் பின்கதவில் நின்று சாப்பிட்டிருக்கிறாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. சாக ஆசையா என்று கேட்டேன்.

"முட்ட தின்னு எவளும் செத்ததில்ல," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. நல்லது என்று நினைத்தேன்.

அவள் கை மெலிந்தது. வளையல் முழங்கை வரை ஏறியது. கால் மட்டும் பருத்தது. சதை பிடிக்கிறது என்று நினைத்தேன். அது நீர்.

ரத்தப் பரிசோதனையில் புரதம் ரொம்பக் குறைவு என்று வந்தது. ரத்தம் கழுவும் இடத்தில் தமிழ் நர்ஸ் ஒருத்தி இருந்தாள், நாங்கள் மிஸ்ஸி என்போம். வீட்டில் என்ன சமைக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். முட்டை ஒன்றுகூடக் கொடுப்பதில்லை என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்தினாள். யார் சொன்னது என்று கேட்டாள். அந்த மலாய் வார்த்தையை அப்படியே சொல்லிக் காட்டினேன்.

"முட்டைக்குப் பத்தியம் இருக்காதீங்கன்னு சொல்லியிருக்காங்க, அங்கிள்."

கழுவ ஆரம்பித்துவிட்டால் பத்தியம் மாறிவிடுமாம். கழுவும்போது அழுக்கோடு சத்தும் கொஞ்சம் போய்விடும், போனதைச் சாப்பாட்டில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றாள். மஞ்சள் கரு வேண்டாம், வெள்ளையைத் தினமும் கொடுங்கள் என்றாள். மாத்திரைப் பையில் இருந்த தாளை எடுத்துக் காட்டினேன். முதல் வரியே அதுதானாம்.

அன்றைக்கே பாசாரில் முட்டை வாங்கினேன். வீட்டில் அவளிடம் நடந்ததைச் சொன்னேன். என் முகத்தையே பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அப்ப பக்கத்து வீட்டு அமோய்தான் எனக்கு டாக்டரு லா."

திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

அவித்து, மஞ்சளை எடுத்துவிட்டு வெள்ளையைக் கொடுத்தேன். ஒன்று சாப்பிட்டாள். இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். அடுத்த நாள் வாந்தி. அதற்குள் வாய் சாப்பாட்டை மறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சொன்ன பால்மாவைக் கரைத்து ஸ்பூனில் கொடுத்தேன். அதுவும் அரை டம்ளர்தான் இறங்கியது. மஞ்சள் கருவையெல்லாம் நான் தின்றேன்.

ஆறு வாரத்தில் நெஞ்சில் சளி கட்டியது. நாலே நாள். எதிர்த்து நிற்க உடம்பில் தெம்பில்லை என்று டாக்டர் சொன்னார். முட்டை சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். நல்ல மனிதர்.

எட்டாம் நாள் படையலுக்கு அவளுடைய தங்கை வந்து இலை போட்டாள். முட்டை மட்டும் நான் அவித்தேன். உரித்தேன். பிளந்தேன். மஞ்சளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வெள்ளையை இலையில் வைத்தேன். தங்கை என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முழுசா வைங்க மாமா. இனிமே என்ன பத்தியம்?"

இன்னொரு முட்டையை உரித்து முழுதாக வைத்தேன். மிளகுத்தூள் தூவினேன். கீச்சாப் போத்தலை எடுத்தவன் நின்றுவிட்டேன். அதில் உப்பு.

பிறகு ஊற்றினேன்.