காய்ச்சாத பறை

பிரிட்டோ பன்னிரண்டு வருடம் ஒரு நாட்டுப்புற ராக் குழுவில் கிட்டார் வாசித்தான். பாட்டுகளை அவன் கட்டினான், பாடியவர் வேறொருவர். முப்பத்தெட்டாவது வயதில் குழு கலைந்தபோது, தன் குரலிலேயே எட்டுப் பாட்டு போட்டு ஆல்பமாக வெளியிடுவது என்று முடிவெடுத்தான். குரலும் கிட்டாரும் அவனே. பறைக்கு மட்டும் மோகன்ராஜ். அனகாபுத்தூரில் இருவரும் ஒரே தெரு. மோகன்ராஜின் அடியைக் கேட்டால்தான் பிரிட்டோவுக்குப் பாட்டே வரும்.

சேலையூரில் பென்னி தன் மூன்றாம் மாடி வீட்டில் வைத்திருந்த ஸ்டூடியோவில் பதிவு. ஐப்பசி மழை. பறையைத் தீயில் காய்ச்சினால்தான் தோல் இறுகும். அடுக்குமாடியில் தீ மூட்ட யார் விடுவார்கள்? பென்னி ஹேர் டிரையரை எடுத்து வந்தான்.

"இன்னா பென்னி, இத்தப் பொண்ணு பாக்க வராங்களா?" என்றான் மோகன்ராஜ், பறையைக் காட்டி.

எட்டுப் பாட்டுக்கும் அடித்து முடித்தான். போட்டுக் கேட்டபோது, ஈரத்துணியைத் துவைப்பதுபோல் இருந்தது சத்தம்.

"அத்த அழிச்சிடு பென்னி," என்றான் பிரிட்டோ. " கையில இருந்தா, இதுவே போதும்னு தோணிடும். தை பொறக்கட்டும், நல்லாக் காய்ச்சி அடிக்கலாம்."

"ஒண்ணு வச்சுக்கலாம்ண்ணா."

"அழிடா."

மார்கழிக் கடைசியில், படப்பைக்கு அப்பால் மோகன்ராஜ் வேலை பார்த்த பட்டறையில், பிரஸ் மெஷின் அவன் வலது கையில் நான்கு விரல்களை எடுத்துக்கொண்டது.

பிரிட்டோ பென்னியிடம் ஓடினான். ஹார்ட் டிஸ்க்கைத் துருவிப் பார்த்தார்கள்; அழித்த இடத்தில் வேறு யாருடைய பாட்டுகளோ ஏறியிருந்தன. மோகன்ராஜின் இடத்தில் இன்னொருவன் கையை வைக்க பிரிட்டோவுக்கு மனம் வரவில்லை. கடைசியில் பென்னி கம்ப்யூட்டரில் கிடைத்த பறைச் சத்தங்களை அடுக்கிக் கொடுத்தான்.

பங்குனியில் ஆல்பம் வெளியானது. முதல் வாரம் நூற்றுச் சொச்சம் பேர் கேட்டார்கள். அது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. மோகன்ராஜ் கேட்டுவிடக் கூடாதே என்றுதான் பயந்துகொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவனே இடது கையில் போனோடு வந்து உட்கார்ந்தான்.

"நல்லா கீது மச்சான். உன் கொரலு சூப்பரு." ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, "யாரு அடிச்சது?"

"நீதான்டா. பென்னியாண்ட ஒரு காப்பி இருந்திச்சு."

மோகன்ராஜ் அடுத்த பாட்டையும் முழுதாகக் கேட்டான்.

"நான் அடிச்சா மூணாவது அடி கொஞ்சம் லேட்டா வுழும். அதுக்கு நீ எத்தினி வாட்டி திட்டிக்கிற." போனை அணைத்தான். "இதுல ஒரு வாட்டிகூடத் தப்பல மச்சான்."

அந்த எட்டுப் பாட்டில் ஒன்றைக்கூட பிரிட்டோ இதுவரை எந்த மேடையிலும் பாடவில்லை.