உரம் விழுந்த பிள்ளை

என் மனைவி குமுதா ஊரார் வயிற்றுக்குள் இருப்பதையெல்லாம் பார்த்துவிடுவாள். என் பசி மட்டும் அவள் கண்ணில் படாது. மலேசியாவின் ஈப்போ நகரில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இருபது வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறாள். அவளிடம் எல்லாருக்கும் கொஞ்சம் பயம். ஜெலாப்பாங் பேக்டரியில் முப்பது பேரை மேய்க்கிற எனக்கும்தான்.

அழுகிற பிள்ளையை ஒரு நொடி அசையாமல் வைத்துப் படம் எடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் படம் எடுத்ததும் பிள்ளை போய்விடும். பிழைத்ததா, என்ன ஆனது என்று யாரும் வந்து சொல்வதில்லை. சந்தையில் குழந்தைகளைக் கண்டால் உற்று உற்றுப் பார்ப்பாள். தெரிந்த பிள்ளையா என்று கேட்டால், “நெஞ்செலும்பைக் காட்டுனா சொல்லிருவேன்” என்பாள்.

போன மாதம் ஒரு காலையில் தினேஸ்வரி என்ற பெண் எட்டு மாதப் பெண் குழந்தையோடு வந்தாள். டாக்டரிடம் வாந்தி என்று மட்டும் சொல்லியிருந்தாள். வயிற்றுக்கு எக்ஸ்ரே என்று சீட்டில் இருந்தது. சட்டையைக் கழற்றினால் உடம்பெல்லாம் நல்லெண்ணெய்.

“என்னா இது, உருட்டுனீங்களா?” என்று குமுதா கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் யூனிபோர்ம் போட்ட பெண்கள் எல்லாரும் நம் ஆட்களுக்கு மிஸ்ஸிதான், அதாவது நர்ஸ். “உரம் விழுந்துருச்சுன்னு மாமியார் சொன்னாங்க மிஸ்ஸி. டாக்டர்கிட்ட சொல்லாதீங்க லா, ஏசுவாரு.”

கைக்குழந்தை ஓயாமல் அழுதால் உரம் விழுந்துவிட்டது என்பார்கள். சேலைக்குள் போட்டு, ஆளுக்கொரு முனையைப் பிடித்து உருட்டுவார்கள்.

“எப்படி அழுதுச்சு?”

“காலை மடக்கிக்கிட்டு வீல்னு கத்தும். அப்புறம் சும்மா கெடக்கும். கால் மணி நேரத்துல மறுபடியும் கத்தும்.”

முட்டிவலிக்காரி குமுதா டாக்டரிடம் ஓடினாள். உடனே ஸ்கேன் செய்தார்கள். குறுக்கே வெட்டின வெங்காயம் போல வளையத்துக்குள் வளையம் தெரிந்தது. குடலுக்குள் குடல் சொருகியிருந்தது; விட்டிருந்தால் அழுகி உயிருக்கே ஆபத்து. பின்வழியாகக் காற்றை மெல்ல ஏற்றி, திரையைப் பார்த்தபடியே பிரித்துவிட்டார்கள். கத்தி படவில்லை.

தினேஸ்வரி குமுதாவின் கையை விடவில்லை. “நான் உருட்டுனதாலயா மிஸ்ஸி?”

“இல்லம்மா. அது தானா வர்றது. உருட்டுனதுல நேரந்தான் போச்சு.”

அன்று வீட்டுக்கு வந்த குமுதா சாப்பிடவில்லை. அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். சிலிம் ரிவர் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், அவளுக்கு நாலு வயதிருக்கும்போது, இதே மாதிரி காலை மடக்கி அழுதான். என் மாமியார் கருப்பம்மாள் இரண்டு நாள் உருட்டிப் பார்த்தார். தோட்டத்து லோரியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மடியிலேயே உயிர் போய்விட்டது. “நான்தான் உருட்டியே கொன்னேன்” என்று இன்றைக்கும் சொல்வார்.

எக்ஸ்ரே படிக்கிற காலத்திலேயே, தம்பிக்கும் குடல்தான் சொருகியிருக்கும் என்று குமுதாவுக்குப் புரிந்துவிட்டது. ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

“உருட்டுனதால சாகலன்னு சொன்னா, அப்ப எப்படிப் பொழச்சிருப்பான்னு கேப்பாங்க. கொஞ்சம் காத்து ஏத்தியிருந்தாலே போதும்மான்னு எந்த வாயால சொல்றது?” என்றாள். அப்புறம் சின்னப் பிள்ளை போல அழுதாள். “எனக்குந்தான் தம்பி வேணுங்க. இன்னைக்கு அந்தப் பிள்ள சிரிச்சதும் எனக்கு அவன் வேணும்னு இருந்துச்சு.”

மறுநாள் சாயங்காலம் அவளே அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றையும் சொன்னாள்.

கடைசியில் மாமியார் கேட்டார். “உடனே கொண்டு போயிருந்தா, இந்தக் காலம் மாதிரி பார்த்திருந்தா, இருந்திருப்பானா?”

குமுதா என்னைப் பார்த்தாள்.

“இருந்திருப்பான்மா.”



“இந்தத் தையோட நாப்பத்திரண்டு அவனுக்கு” என்றார் மாமியார். “உங்க அப்பாவுக்குச் சீக்கிரமே நரைச்சிருச்சு. இவனுக்கும் நரைச்சிருக்கும், இல்லடி?”

“நரைச்சிருக்கும்மா” என்றாள் குமுதா.